ஹன்னஃபோர்ட் வீட்டு வாளி

கர்னல்: ஊதறேன் அக்கா, ஊதறேன்... நீ இப்படித் தலைக்கு மேல நின்னு முறைச்சா நெருப்பு எப்படி வரும்?

டார்கஸ்: என் முகத்தைப் பார்த்து நெருப்பு பயப்படுதா? நல்லா இருக்கே கதை. முப்பது வருஷம் பட்டாளத்துல இருந்தவனுக்கு ஒரு அடுப்பைப் பத்தவைக்கத் தெரியல.

கர்னல்: கர்னலுக்கு அடுப்பு வேலை கிடையாது. அதுக்குக் கீழே ஆறு பேர் இருப்பாங்க.

டார்கஸ்: கூப்பிடேன் அந்த ஆறு பேரை.

கர்னல்: எங்கேன்னு கூப்பிடறது? ஓட்டுப்பதிவு முடியற வரைக்கும் சிப்பாய் எவனும் ஊருக்குள்ள நிக்கக் கூடாதுன்னு சட்டம். என் பசங்க மொத்தப் பேரும் ரெண்டு மைல் தள்ளி, காத்தாலை மேட்டுல உட்கார்ந்து சீட்டாடறாங்க.

ஜெத்ரோ: ஐயா, நீங்க எழுந்திருங்க. சிவப்புக் கோட்டு முழுக்கச் சாம்பல். நான் ஊதறேன்.

டார்கஸ்: நீ அசையாம இரு ஜெத்ரோ. ஒத்தைக் காலோட குனிஞ்சு அடுப்புக்குள்ள விழுந்து வெச்சேன்னா, இருக்கிற ஒரே ஓட்டும் வெந்துடும்.

ஜெத்ரோ: இது என் வீட்டு அடுப்பு அம்மா. எனக்கு அது சொன்னபடி கேக்கும்.

டார்கஸ்: அப்புறம் ஏன் அணைஞ்சு கிடக்கு?

ஜெத்ரோ: மூணு நாளா பத்தவைக்கல. ஊரே சத்திரத்துல சாப்பிட்டுது. ஒரு பந்தி நம்ம கர்னல் ஐயா கணக்குல, மறு பந்தி மேஜர் குவின்டன் கணக்குல. மத்தியானம் இங்கே, சாயங்காலம் அங்கே. வஞ்சனை இல்லாம ரெண்டு பக்கமும் சாப்பிட்டேன்.

கர்னல்: குவின்டன் சோத்தைச் சாப்பிட்டியா நீ?

ஜெத்ரோ: சாப்பிட்டுட்டுத் திட்டிட்டு வந்தேன் ஐயா.

டார்கஸ்: விறகு ஈரம். அதான் புகையுது. காய்ஞ்ச கட்டை எதுவும் இல்லையா?

ஜெத்ரோ: ஐயா, என் காலைப் பார்க்காதீங்க.

கர்னல்: நான் பார்க்கல.

ஜெத்ரோ: பார்த்தீங்க. நல்ல ஓக் மரம், ஆறு வருஷமா காய்ஞ்சதுன்னு மனசுக்குள்ள நினைச்சீங்க.

கர்னல்: நினைச்சேன். பார்க்கல.

டார்கஸ்: போதும். இன்னொரு தடவை எனக்கு விவரமாச் சொல்லு ரூபர்ட். தெருவெல்லாம் ஒரே கூச்சல், ஒண்ணும் சரியாக் காதுல விழல. எத்தனைக்கு எத்தனை?

கர்னல்: முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.

டார்கஸ்: உன் ஓட்டையும் சேர்த்தா?

கர்னல்: சேர்த்துத்தான். முதல் நாளே போட்டாச்சு. இனி ஆஷ்கூம் ஊர்ல ஓட்டுப் போட பாக்கி இருக்கிறது ஒரே ஆள். இதோ, என் எதிர்ல உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான்.

ஜெத்ரோ: வணக்கம்.

டார்கஸ்: சமமாவே நின்னுட்டா?

கர்னல்: மேயர் யாரைச் சொல்றாரோ அவர். மேயர், குவின்டனோட மச்சான்.

டார்கஸ்: அப்போ சமம்னா தோல்வி.

கர்னல்: தோல்வி. நம்ம அப்பா, தாத்தா, அவரோட அப்பா மூணு பேரும் பாராளுமன்றத்துல உட்கார்ந்த இடத்துல அந்தக் குவின்டன் போய் உட்காருவான். ஊர்க்காவல் படை மேஜராம்! காடை சுடறப்போ தவிர துப்பாக்கிச் சத்தத்தையே கேட்காதவன்.

டார்கஸ்: உட்கார்ந்த இடத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. மரப்பலகைதானே. நீ போய் அங்கே என்ன பேசப் போறேன்னு சொன்னியே, அதைத்தான் நினைச்சுப் பார்க்கறேன்.

கர்னல்: ஃபிளாண்டர்ஸ் சண்டையில கை கால் போனவங்க இந்த ஒரு ஊர்லயே பதினேழு பேர். பென்ஷன் காகிதம் லண்டன்ல எவன் மேஜையிலயோ தூங்குது. எழுந்து நின்னு கேக்க ஒருத்தன் வேணாமா?

ஜெத்ரோ: காலைத்தான் ஃபிளாண்டர்ஸ்ல விட்டுட்டு வந்தேன். ஓட்டையாவது ஆஷ்கூம்ல போட்டுட்டுப் போறேன் அம்மா.

டார்கஸ்: போடு. யார் வேணாம்னா? மேடையேறி கர்னல் பேரைச் சத்தமாச் சொல்லிட்டு இறங்க வேண்டியதுதானே. காலையிலேர்ந்து எதுக்கு இந்த அமர்க்களம்?

கர்னல்: வக்கீல் டிம்ஸ். குவின்டனோட வக்கீல். ஜெத்ரோ மேடைப் படியில மரக்காலை எடுத்து வைக்கிறான், 'ஆட்சேபணை!'ன்னு ஒரு கத்தல். இந்த ஊர்ல ஓட்டு யாருக்கு? சொந்த அடுப்புல சொந்தப் பானையைக் கொதிக்க வெச்சு, தன் சோறு தான் சாப்பிடறவனுக்கு. இவன் அப்படி இல்லையாம்.

டார்கஸ்: அடுப்பு இருக்கு. பானை இருக்கு. ரெண்டையும் காட்டினாப் போச்சு.

கர்னல்: அதுக்குத்தான் இந்தப் பாடு. மூணு மணிக்கு டிம்ஸும் மேயர் குமாஸ்தாவும் இங்கேயே வராங்க. பானை கொதிக்கிறதைக் கண்ணால பார்க்கணுமாம். நாலு மணிக்கு ஓட்டுப்பதிவு முடியுது.

ஜெத்ரோ: பத்திக்கிச்சு! ஐயா, பத்திக்கிச்சு! பானையை எடுங்க.

கர்னல்: ஆ... சுடுது.

டார்கஸ்: நெருப்புன்னா சுடும். பிடியைத் துணியால பிடி. அதுசரி, பானை கொதிச்சா டிம்ஸ் வாயை மூடிக்குவானா?

கர்னல்: ம்... பெரும்பாலும்.

டார்கஸ்: ரூபர்ட். நீ பொய் சொல்றப்போ மீசையை இழுப்பே. இப்போ இழுக்கறே.

கர்னல்: இன்னொரு சின்ன விஷயம் இருக்கு அக்கா.

டார்கஸ்: சொல்லு.

கர்னல்: ஜெத்ரோ, நீ சொல்லு.

ஜெத்ரோ: நான் வெங்காயம் உரிக்கிறேன் ஐயா.

கர்னல்: ...அந்த வாளி.

டார்கஸ்: எந்த வாளி?

கர்னல்: நீ தினம் இவனுக்கு அனுப்பற சூப் வாளி. செப்பு வாளி. மூடியில நம்ம குடும்ப முத்திரை போட்டது.

டார்கஸ்: அதுக்கென்ன? உன் படையில சண்டை போட்டுக் காலைக் கொடுத்தவனை ஹன்னஃபோர்ட் குடும்பம் பட்டினி போடாதுன்னு ஊருக்குத் தெரியட்டுமே. முத்திரை தெருப்பக்கம் தெரியற மாதிரி பிடிச்சுக்கிட்டுப் போன்னு வேலைக்காரிகிட்ட நான்தான் சொன்னேன்.

கர்னல்: நல்லாவே தெரிஞ்சிருக்கு. தெருவுல இருபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. 'அஞ்சு வருஷமா தினமும் பதினோரு மணிக்கு முத்திரை வாளி வரும், நாங்க பார்த்தோம்'னு. தர்மச் சோறு சாப்பிடறவனுக்கு ஓட்டு கிடையாது அக்கா.

டார்கஸ்: என்னது?

கர்னல்: அடுத்தவன் வீட்டுல தர்மம் வாங்கிச் சாப்பிட்டா ஓட்டு போச்சு. அதுதான் ஊர் வழக்கம்.

டார்கஸ்: மூணு நாளா இவன் சத்திரத்துல ரெண்டு பக்கமும் சாப்பிட்டானே, அது?

கர்னல்: அது தர்மம் இல்ல, லஞ்சம். லஞ்சம் வாங்கினா ஓட்டு போகாது.

டார்கஸ்: இந்தச் சட்டத்தை எவன் எழுதினான்?

கர்னல்: நம்ம தாத்தா.

ஜெத்ரோ: அம்மா, உப்பு எங்கே வெச்சேன்னு பாருங்களேன்... ஜன்னல் மேல... ஆங், அதுதான்.

டார்கஸ்: ஆக, நான் அனுப்பின சூப், என் தம்பியோட ஓட்டைத் தின்னுடுச்சு.

கர்னல்: அப்படிச் சொல்ல வேண்டாம்...

டார்கஸ்: வேற எப்படிச் சொல்றது? சரி, வழி சொல்லு. டிம்ஸ் வந்து கேப்பான். என்ன பதில் சொல்றதா உத்தேசம்?

கர்னல்: ஜெத்ரோ அந்த சூப்புக்கு விலை கொடுத்தான்னு சொல்லலாம்...

டார்கஸ்: ஹன்னஃபோர்ட் வீட்டுல சூப்பு வித்தோம்னா? நானா? தலையில கூடை ஒண்ணு வெச்சுக்கறேன், சந்தையில உட்கார்ந்து கூவறேன்.

கர்னல்: இல்லேன்னா... ஜெத்ரோ அதைச் சாப்பிடவே இல்லைன்னு...

டார்கஸ்: சாப்பிடவே இல்லையா?

கர்னல்: ஒரு பேச்சுக்கு.

டார்கஸ்: ஒரு பேச்சுக்கு. சரி, எழுந்து நில்லு ஜெத்ரோ.

ஜெத்ரோ: எதுக்கு அம்மா?

டார்கஸ்: ஒத்திகை. நான்தான் வக்கீல் டிம்ஸ். சத்தியம் பண்ணு. பைபிள் வேணாம், ஒத்திகைக்குக் கரண்டி போதும். கரண்டி மேல கை வை.

கர்னல்: அக்கா, இதெல்லாம் தேவையா?

டார்கஸ்: சாட்சி சொல்றப்போ குறுக்கே பேசக் கூடாது கர்னல். கார்ப்பொரல் ஜெத்ரோ! ஹன்னஃபோர்ட் வீட்டு வாளி உன் வீட்டுக்கு வருமா, வராதா?

ஜெத்ரோ: வரும்... வக்கீல் ஐயா.

டார்கஸ்: செவ்வாய்க்கிழமை சூப் எப்படி இருந்தது?

ஜெத்ரோ: பிரமாதம். ரொம்ப... கெட்டியா இருந்தது.

டார்கஸ்: அதுல என்ன போட்டிருந்தது?

ஜெத்ரோ: கோழி?

டார்கஸ்: கேள்வியை நான்தான் கேக்கணும்.

ஜெத்ரோ: கோழி. கோழியேதான். ஒரு கால் முழுசா கிடைச்சுது எனக்கு.

டார்கஸ்: மீன் தலை. டர்னிப் தோல். புளிச்ச மோர். ஒரு படி தவிடு.

ஜெத்ரோ: ...தவிடா?

கர்னல்: தவிடா அக்கா?

டார்கஸ்: குடலுக்கு நல்லது.

ஜெத்ரோ: ஆமா ஆமா. இப்போ ஞாபகம் வருது. குடல் ரொம்ப... நல்லா இருந்தது.

டார்கஸ்: கரண்டியிலேர்ந்து கையை எடுக்காதே. கொல்லைப்பக்கம் என்ன சத்தம்?

ஜெத்ரோ: எந்தச் சத்தம்?

டார்கஸ்: உறுமற சத்தம்.

ஜெத்ரோ: அது மேஜர், அம்மா.

டார்கஸ்: குவின்டனா? அதுக்குள்ள வந்துட்டானா?

ஜெத்ரோ: இல்லம்மா. பன்னி. பேரு மேஜர். கழுத்து கொஞ்சம் அவர் மாதிரியே இருக்கும்.

டார்கஸ்: பன்னி வளர்க்கறியா? எவ்வளவு நாளா?

ஜெத்ரோ: வருஷத்துக்கு ஒண்ணு. இது அஞ்சாவது.

டார்கஸ்: அஞ்சு வருஷம்... அஞ்சு பன்னி. ஒத்தைக் கால் மனுஷன். நிலம் கிடையாது, பால் மாடு கிடையாது. பன்னிக்குத் தீனி எங்கேர்ந்து வருது?

ஜெத்ரோ: அது... மேயும்.

கர்னல்: நல்லா மேயும் அக்கா. நானே பார்த்திருக்கேன்.

டார்கஸ்: கட்டிப்போட்ட பன்னி எங்கே மேயும்?

ஜெத்ரோ: ஐயா, பானை கொதிக்குது. கிளறி விடுங்க.

டார்கஸ்: அது கொதிக்கட்டும். ஜெத்ரோ, என் கண்ணைப் பாரு. நீ எதிரியோட பீரங்கியைப் பார்த்து நின்னவன்னு என் தம்பி ஊர் ஊராச் சொல்லிட்டு இருக்கான். என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லு.

ஜெத்ரோ: பீரங்கி சுலபம் அம்மா.

டார்கஸ்: சொல்லு.

ஜெத்ரோ: ...உங்க சூப்பை நான் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்ல. மன்னிச்சுடுங்க. முதல் நாள் வாய்ல வெச்சேன். சத்தியமா வெச்சேன். விழுங்க முடியல. கொல்லையில கொட்டினேன். பன்னி பாத்திரத்தையே நக்கிச்சு. அப்படியே... பழகிப்போச்சு.

டார்கஸ்: ரூபர்ட், உனக்குத் தெரியுமா இது?

கர்னல்: மேலோட்டமா.

டார்கஸ்: ஹன்னஃபோர்ட் முத்திரை போட்ட வாளியிலேர்ந்து. பன்னிக்கு.

ஜெத்ரோ: வாளியைக் கழுவித்தான் திருப்பி அனுப்பினேன் அம்மா. ஒவ்வொரு தடவையும். முத்திரையைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்.

டார்கஸ்: இரு... கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நீ எங்க வீட்டுக்கு ஒரு பன்னித் தொடை அனுப்புவியே. உப்பு போட்டு, புகையில காய வெச்சு.

ஜெத்ரோ: அனுப்புவேன்.

டார்கஸ்: போன வருஷம் பாதிரியார் மூணு துண்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இந்தச் சீமையிலேயே இப்படி ஒரு தொடை கிடையாதுன்னு சொன்னாரு.

ஜெத்ரோ: எல்லாம் உங்க கைப்பக்குவம்தான் அம்மா. ஒரு சுத்து சுத்திட்டு வந்தது.

கர்னல்: பார்த்தியா அக்கா? இதுல வருத்தப்பட ஒண்ணுமே இல்ல. சூப்பை இவன் சாப்பிடல. அப்போ இவன் தர்மம் சாப்பிடல. சொந்தப் பானை, சொந்தச் சோறு. ஓட்டு செல்லும்! முப்பத்தொன்பது! டிம்ஸ் மூக்கு அறுபட்டுது! என்ன வாசனை பாரு, வெங்காயம் வெந்துடுச்சு.

டார்கஸ்: ஒத்திகை முடியல கர்னல்.

கர்னல்: முடிஞ்சாச்சே.

டார்கஸ்: டிம்ஸ் அவ்வளவு முட்டாள்னு நினைக்கறியா? உள்ளே வருவான். பானையைப் பார்ப்பான். 'இவ்வளவு பெரிய பானை ஒரு ஆளுக்கா?'ன்னு கேப்பான்.

ஜெத்ரோ: எனக்குக் கொஞ்சம் பசி ஜாஸ்தி.

டார்கஸ்: 'இங்கே ஏன் ரெண்டு கிண்ணம்?'

ஜெத்ரோ: ஒண்ணு உடைஞ்சா இருக்கட்டுமேன்னு.

டார்கஸ்: 'இங்கே ஏன் ரெண்டு நாற்காலி? ஒண்ணுல பட்டு மெத்தை வேற.'

ஜெத்ரோ: அது... என் மரக்காலுக்கு.

டார்கஸ்: 'சுவர்ல ரெண்டு ஸ்பூன் தொங்குது. ஒண்ணு மரம். இன்னொண்ணு வெள்ளி. இதுல ஏன் ஹன்னஃபோர்ட் முத்திரை இருக்கு?'

ஜெத்ரோ: ஐயா, இதுக்கு நீங்க சொல்லுங்க.

கர்னல்: நான் பானையைக் கிளறறேன்.

டார்கஸ்: ரூபர்ட். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன அம்மாவோட ஸ்பூன் இது. கிணத்துல ஆள் இறக்கித் தேடினோம்.

கர்னல்: நான்தான் இறங்கறவனுக்கு விளக்குப் பிடிச்சேன்.

டார்கஸ்: பிடிச்சே. முகத்தை எவ்வளவு சோகமா வெச்சுக்கிட்டே!

கர்னல்: அக்கா...

டார்கஸ்: கரண்டியில கை வை.

கர்னல்: நான் கர்னல்.

டார்கஸ்: நான் அக்கா. கை வை. தினமும் பன்னிரண்டு மணிக்கு எங்கே போறே?

கர்னல்: பழைய சிப்பாய்களைப் பார்வையிட.

டார்கஸ்: எத்தனை சிப்பாய்?

கர்னல்: ...ஒரு சிப்பாய்.

டார்கஸ்: எவ்வளவு நேரம்?

கர்னல்: ஒரு மணி நேரம். இவன் ரெண்டாம் தடவை போட்டா ஒண்ணரை.

டார்கஸ்: 'மத்தியானம் ஒரு பருக்கை தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்'னு சொன்னியே. பட்டினி கிடக்கிற உடம்பா இது? உன் கோட்டுப் பொத்தானை மூணு தடவை தள்ளித் தள்ளித் தச்சேன். துவைச்சதுல துணி சுருங்குதுன்னு வண்ணாத்தியைத் திட்டினியே!

ஜெத்ரோ: அம்மா, தப்பு என்மேலதான். ஃபிளாண்டர்ஸ்ல ஒரு நாள் மழையில ஐயாவுக்கு என் பானையிலேர்ந்து ஊத்திக் கொடுத்தேன். ஆட்டு எலும்பு, பார்லி, வெங்காயம். அன்னிலேர்ந்து விட முடியல அவரால.

டார்கஸ்: அப்போ வீட்டுல நான் போடறதை?

கர்னல்: நீ எல்லாத்தையும் அவிக்கிறே அக்கா. ரொட்டியைக்கூட ஒரு தடவை அவிச்சே.

டார்கஸ்: உனக்கு அப்போ ஜுரம்.

கர்னல்: எனக்கு ஜுரம் விட்டப்புறமும் அவிச்சே.

டார்கஸ்: சரி. இதுக்கு மேல டிம்ஸ் என்ன கேப்பான்னு உனக்குப் புரியுதா?

கர்னல்: என்ன கேப்பான்? இவன் சொந்தச் சோறு சாப்பிட்டான். அதோட முடிஞ்சுது.

டார்கஸ்: இவன் சொந்தச் சோறு சாப்பிட்டான். நீ யார் சோறு சாப்பிட்டே?

ஜெத்ரோ: ஐயோ.

டார்கஸ்: அஞ்சு வருஷமா தினமும் அடுத்தவன் அடுப்பு, அடுத்தவன் பானை. கைக்காசு கொடுத்தியா?

கர்னல்: கொடுத்தா இவன் அடிக்க வருவான்.

ஜெத்ரோ: வருவேன்.

டார்கஸ்: அப்போ ஊர்ல தர்மச் சோறு சாப்பிட்டவன் ஒரே ஒருத்தன். கர்னல் ரூபர்ட் ஹன்னஃபோர்ட். உன் ஓட்டு போச்சு. முப்பத்தெட்டு முப்பத்தேழு ஆச்சு. ஜெத்ரோ ஓட்டுப் போட்டா மறுபடியும் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.

கர்னல்: மேயர்.

டார்கஸ்: மேயர். குவின்டனோட மச்சான்.

ஜெத்ரோ: வெள்ளி ஸ்பூனை ஒளிச்சு வெச்சுடறேன் அம்மா. மெத்தையை மேஜருக்குக் கீழே போட்டுடறேன். நாற்காலியை உடைச்சு விறகாக்கிடலாம்.

டார்கஸ்: இருபத்தோரு பேர் வாளியைப் பார்த்திருக்காங்க. பன்னிரண்டு மணிக்குச் சிவப்புக் கோட்டைப் பார்க்காமலா இருப்பாங்க?

கர்னல்: வழி ஒண்ணு... இருக்கு.

டார்கஸ்: என்ன?

கர்னல்: ஒண்ணுமில்ல. விடு.

டார்கஸ்: மீசையை விட்டுட்டுச் சொல்லு.

கர்னல்: நம்ம வீட்டு வாளி பன்னித் தீனி. அதுக்கு மாத்தா எனக்கு இங்கே சாப்பாடு. தீனிக்குச் சோறு, கொடுக்கல் வாங்கல். அப்படிச் சொன்னா ரெண்டு பேர் பக்கமும் தர்மம் இல்ல. ரெண்டு ஓட்டும் நிக்கும்.

ஜெத்ரோ: ஐயா! அது சரியான வழி ஐயா!

கர்னல்: சரியான வழிதான். ஆனா அதை யார் வாய் திறந்து சொல்லணும்? சூப்பு வெச்சவங்க சொல்லணும். சந்தை மேடையில, பைபிள் மேல கை வெச்சு, 'நான் சமைச்சது பன்னிக்கு'ன்னு. ஊரே சிரிக்கும். குவின்டன் அதை ஒரு பாட்டாக் கட்டி விடுவான். நீ ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா முதல் வரிசையிலேர்ந்து கடைசி வரிசை வரைக்கும் உறுமுவாங்க.

டார்கஸ்: ம்.

கர்னல்: வேணாம் அக்கா. நான் விலகிடறேன்.

டார்கஸ்: என்ன சொன்னே?

கர்னல்: விலகிடறேன். டிம்ஸ் வந்ததும் எழுதிக் கொடுத்துடறேன். உன்னை மேடையேத்திச் சிரிக்க வெச்சுத்தான் நான் பாராளுமன்றம் போகணும்னா, எனக்கு அந்த இடம் வேணாம்.

டார்கஸ்: பதினேழு பேர் பென்ஷன்?

கர்னல்: ...காகிதம் எழுதுவேன். தினமும் எழுதுவேன். அலுத்துப் போய்க் கொடுத்துடுவாங்க.

ஜெத்ரோ: ஐயா, அழறீங்களா?

கர்னல்: வெங்காயம்.

ஜெத்ரோ: அது எப்பவோ பானைக்குள்ள போயாச்சு ஐயா.

டார்கஸ்: கோயில் மணி அடிக்குதே, எத்தனை?

ஜெத்ரோ: மூணு. தெரு முனையில வராங்க அம்மா. டிம்ஸ், குமாஸ்தா, பின்னாடி... அடேயப்பா, பாதித் தெருவே வருது.

கர்னல்: அக்கா, அஞ்சு வருஷமா உன்கிட்ட இதை மறைச்சிருக்கக் கூடாது. உன் மனசு நோகுமேன்னுதான்... இல்ல, அதுவும் பொய். நீ திட்டுவேன்னு பயந்தேன். அதான் உண்மை.

டார்கஸ்: அப்பாடா. கரண்டியிலேர்ந்து கையை எடுத்துக்கோ.

ஜெத்ரோ: கதவைத் தட்டறாங்க.

கர்னல்: நான் போய்ச் சொல்லிடறேன்.

டார்கஸ்: உட்காரு. டிம்ஸுக்கு நான் பதில் சொல்றேன்.

கர்னல்: என்ன சொல்லப் போறே அக்கா?

டார்கஸ்: உள்ளதைத்தான். முதல் மாசமே அந்த ஜன்னல் வழியா உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டேன். இவன் என் வாளியைக் கொல்லையில கொட்டறான். நீ அம்மா ஸ்பூனால வழிச்சு வழிச்சுச் சாப்பிடறே. ஹன்னஃபோர்ட் வீட்டுப் பிள்ளை அடுத்தவன் வீட்டுல சும்மா சாப்பிடறதா? அன்னியிலேர்ந்து அந்த வாளி உன் சாப்பாட்டுக்கு நான் கொடுத்த விலைடா. மீன் தலையும் மோரும் தவிடும் குடலுக்கு நல்லதுன்னு சொன்னேன். யார் குடலுக்குன்னு சொன்னேனா? நீயா வாயைத் திறந்து சொல்வேன்னு அஞ்சு வருஷமாக் காத்திருந்தேன். சொல்லிட்டே, இனிமே பாராளுமன்றம் போகலாம். ஜெத்ரோ, கதவைத் திற, பைபிளை எடு, பன்னியையும் அவிழ்த்துக் கூட்டிட்டு வா, அதுவும் ஒரு சாட்சிதான். நீ நகர்ந்து உட்காரு ரூபர்ட்... எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து. நாளையிலேர்ந்து ரெண்டு வாளி வரும்.